வருடம் முழுக்கப் பச்சை

விருதோடு மேடையில் நின்ற தாட்சாயணி, அன்வர்தீனின் கையைப் பார்த்ததும் நீட்டிய விருதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

கம்பெனியில் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. மனசு சரியாக இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு எரிந்தால், குணமாகி வா என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வருடம் முழுக்கப் பச்சையாகவே இருந்ததற்காக ஃபிட்டர் அன்வர்தீனுக்கு இன்று விருது. கொடுக்க வேண்டியவள் மனநலப் பொறுப்பாளரான தாட்சாயணி.

அவனோ கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்கியிருந்தான். அப்படிப் பிடித்தால் பட்டை ஏமாந்துபோகும். மனசு உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றும் அவள் அப்படித்தான் பிடித்திருந்தாள். இப்போதும் ஒரு கையில் விருது, மறு கையில் அந்தப் பிடி.

“குடுங்க மேடம், போட்டோ எடுக்கணும்,” என்றார் மேனேஜர்.

“குடுக்க மாட்டேன் சார். என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன அன்னிக்கும் எனக்குப் பச்சைதான் எரிஞ்சுது.”

எல்லோரும் பார்க்கத் தன் கையை விரித்தாள். பட்டை சிவந்தது.

“என்னம்மா இது? ரூல் தெரியுமில்ல? வீட்டுக்குக் கெளம்புங்க.”

“போக மாட்டேன். மொதல் தடவை செவந்தப்போ வீட்டுக்குத்தான் அனுப்பினீங்க. அங்க தனியா கெடந்துதான் அந்த நெலைமைக்கு வந்தேன். எனக்கு வேலையும் வேணும், பக்கத்துல நாலு மனுஷங்களும் வேணும்.” மேடையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

“செக்யூரிட்டி!” என்று கத்தினார் மேனேஜர்.

அன்வர்தீன் அவளருகில் வந்து உட்கார்ந்தான். மடியில் வைத்த கை மெல்ல விரிந்தது. அதுவும் சிவப்பு.

“எங்களைத் தூக்க ஒரு ஆளு பத்தாது சார்,” என்றான். “இன்னும் நாலு பேரைக் கூப்பிடுங்க.”