புகைக் கணக்கு

தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, தார்ப்பாய் போட்டு மூடி, ரெண்டு மூட்டை சிமெண்ட். பக்கத்துலயே கையில கட்டுக்கம்பியோட ரசமட்டம்.

கையும் களவுமா மாட்டிக்கிட்டான்.

ரசமட்டம்னா எங்க சைட்டு கொத்தனார். அவன் கட்டின சுவர்ல மட்டம் வச்சுப் பார்த்தா இம்மி பிசகாது. அதான் அந்தப் பேர். அவன் போய் இப்படிப் பண்ணுவான்னு நான் கனவுலகூட நினைக்கல. ஸ்டோர் சாவி என் இடுப்புல தொங்குது. மூட்டை காணோம்னா முதல்ல என் தலைதானே உருளும்!

"ஏன்யா, உனக்கு வேற ஆளே கிடைக்கலயா? என் வயித்துலதான் அடிக்கணுமா?"

அவன் தார்ப்பாயை இழுத்து இன்னும் நல்லா மூடினான்.

ஓடிப்போய் ஸ்டோர்ல எண்ணினேன். சரியா இருந்தது. மறுபடியும் எண்ணினேன். ஒரு மூட்டைகூடக் குறையல. அது வேற எரிச்சல். திருட்டு நடந்திருக்கு, ஆனா எதுவும் திருடு போகலன்னா நான் என்னன்னு எழுதறது?

சத்தம் கேட்டு மேனேஜர் வந்துட்டார்.

"போலீஸைக் கூப்பிடு!"

"சார், புகைக்கணக்கு மேடம் வரட்டும். அவங்ககிட்டதான் சொல்வேன்," என்றான் ரசமட்டம்.

புகைக்கணக்கு மேடம்னு நாங்க சொல்றது, கட்டடம் கட்டறதால காத்துல எவ்வளவு புகை சேருதுன்னு மாசாமாசம் அளக்க வர்றவங்களை. சிமெண்ட், கம்பி, லாரி டீசல், நாங்க வந்து போற வண்டி, எதையும் விடமாட்டாங்க. அவங்க 'கார்பன்'னு சொல்வாங்க. எங்களுக்கு எல்லாம் புகைதான். அன்னைக்கு அவங்க வர்ற நாள். வந்தாங்க.

ரசமட்டம் தார்ப்பாயை விலக்கினான்.

"எடை போட்டுக்குங்க மேடம். ரெண்டு மூட்டை சரியா இருக்கும்."

"எதுக்கு?"

"நான் ஊருக்குப் போறதுக்கு."

மேடம் என்னைப் பார்த்தாங்க. நான் மேனேஜரைப் பார்த்தேன்.

"ஆறு மாசம் முன்னாடி கூட்டத்துல கேட்டேனே மேடம், ஒருத்தர் ரயில்ல இத்தனை கிலோமீட்டர் போய் வந்தா எவ்வளவு புகைன்னு. அது எங்க ஊர் தூரம். ரெண்டு மூட்டை சிமெண்ட் தயாரிக்கிற அளவுன்னு சொன்னீங்க. அன்னையிலருந்து சேர்த்துக்கிட்டு வர்றேன். காலி மூட்டைன்னு எல்லாரும் தூக்கிப் போடறாங்க. உதறினா ஒவ்வொண்ணுலயும் ஒரு கைப்பிடி தேறும். இந்த ரெண்டு மூட்டையைப் புதுசா வாங்க வேணாம்ல? அந்தப் புகையை என் பேர்ல கழிச்சுக்கிட்டு என்னை அனுப்பிடுங்க மேடம்."

குனிஞ்சு பார்த்தேன். ரெண்டுமே கிழிஞ்ச பழைய மூட்டை. கிழிசலையெல்லாம் கட்டுக்கம்பியால தைச்சு வச்சிருந்தான். என் வயித்துல அடிச்சான்னு கத்தினேனே, எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்தது.

"நான் எப்போ உங்களைப் போகக்கூடாதுன்னு சொன்னேன்?"

"மேனேஜர் சார் சொன்னாரே! யாராவது ஊருக்குப் போனா சைட்டு கணக்கு ஏறிடும், மேடம் ஒத்துக்க மாட்டாங்கன்னு. பதினாறு மாசமாச்சு மேடம். நான் கிளம்பும்போது என் சம்சாரத்துக்கு நாலாம் மாசம். இப்போ என் பொண்ணு நடக்க ஆரம்பிச்சிருச்சு. போனைத்தான் அப்பான்னு நினைச்சுக்கிட்டிருக்கு. என் மாமனார் போன் அடிச்சாக்கூட 'அப்பா'ன்னு ஓடுதாம்."

சொல்லிட்டு அவனே சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சுக்கிட்டான்.

"ஒரே ஒரு தடவை தூக்கிப் பார்த்துட்டு வந்துடறேன் மேடம். எவ்வளவு கனம் இருப்பான்னுகூட எனக்குத் தெரியாது."

நானும் வீட்டுக்குப் போய் பதினோரு மாசமாச்சு. எனக்கும் இதே காரணத்தைத்தான் சொன்னாங்க. நானும் மண்டையை ஆட்டிட்டு சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன்.

மேடம் ஃபைலைத் திறந்தாங்க. மாசாமாசம் ஒரே வரி. 'தொழிலாளர் ஊர்ப் பயணம்: பூஜ்யம்.'

"எல்லாரும் உள்ளூர் ஆளுங்கன்னு சொன்னீங்களே சார்! இதை நம்பித்தானே நான் இந்த சைட்டுலதான் புகை கம்மின்னு முதல் பரிசு எழுதிக் குடுத்தேன்!"

"அது வந்து மேடம்... கணக்கு நல்லா வரணும்னுதான்..."

"வீட்டுக்கு விடாம வச்சு வர்ற கணக்கு எனக்கு வேணாம். இவர் இன்னைக்கே கிளம்பணும். மத்தவங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போகணும். இல்லன்னா நடந்ததை அப்படியே எழுதிடுவேன்."

மேனேஜர் வேர்த்துப் போயிட்டார். அவசர அவசரமா லீவு சீட்டுல கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"இந்தாய்யா, ஒரு மாசம். திரும்பி வந்ததும் ஸ்டோர்க்காரர்கிட்ட சொல்லிடு. நான் இருக்க மாட்டேன். அந்தப் பரிசுக்கு வெளிநாட்டு டூர் குடுத்திருக்காங்க. குடும்பத்தோட நாளைக்குக் கிளம்பறோம்."

ரசமட்டம் சீட்டை ரெண்டு கையாலயும் வாங்கி, நாலா மடிச்சு, சட்டைப் பையில வச்சுக்கிட்டான்.

"பிளேன்லயா சார்?"

"ஆமா. நாலு பேரும்."

அவன் அசந்து போய் நின்னான். மனசுல துளி விஷம் இல்லாம, நிஜமான மரியாதையோட கேட்டான்:

"அம்மாடி! நாலு பேரு, பிளேன்ல! அதுக்கு நீங்க எத்தனை மூட்டை உதறியிருப்பீங்க சார்!"