ஜெபமலராக இருந்து

‘நான்’ என்று எழுதிவிட்டு பூரணி பேனாவைத் தூக்கிவிட்டாள்.

அடுத்த வார்த்தை வரவில்லை.

எதிர் பெஞ்சில் ஜெபமலர். வீங்கிய உதட்டில் ஈரக் கைக்குட்டை. காலையில் மாடிப்படியில் அவளைப் பிடித்துத் தள்ளியது பூரணிதான். எட்டாம் வகுப்பே பார்த்தது. டிசி கொடுத்து அனுப்பிவிடலாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

தமிழ் டீச்சர் செண்பகவல்லி ஒரு பீரியட் மட்டும் கேட்டு வாங்கியிருந்தார்.

நடந்ததை முதலில் இருவரும் எழுதினார்கள். இரண்டு தாளிலும் தப்பு மற்றவளுடையது. டீச்சர் அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு புதுத் தாள் கொடுத்தார்.

“இப்போ நீ ஜெபமலரா இருந்து எழுது. அவ பூரணியா இருந்து எழுதட்டும்.”

பூரணி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். பூரணி எனக்குப் பின்னால் வந்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

பேனா நின்றது.

நான் திரும்பவே இல்லையே. பிறகு எப்படி அவளைப் பார்த்தேன்?

எழுதியதை மறுபடி படித்தாள். உதடுகள் அசைந்தன.

செண்பகவல்லி ஜன்னலோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பிள்ளை யோசிக்கத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

‘அவளைப் பார்த்து’ என்பதைப் பூரணி அடித்தாள்.

மிச்சம் இருந்தது: நான் சிரித்தேன்.

தலை நிமிர்ந்தாள்.

“ஏட்டி, நீ எதுக்குச் சிரிச்ச?”

ஜெபமலர் கைக்குட்டையை எடுத்தாள். “கீழ பி.டி. சாரோட ஷூவத் தூக்கிட்டு நாய் ஓடிச்சுல்லா. அதுக்கு.”

“எங்கம்மா எங்கள விட்டுட்டுப் போனதுக்குன்னு நெனச்சேன்.”

“ஒங்கம்மா எங்க போனாங்க?”

பூரணி அந்த வீங்கிய உதட்டைப் பார்த்தாள். “வலிக்கா?” என்று கேட்டாள்.

“கொஞ்சம்.”

பிறகு பூரணியே எழுந்து டீச்சரிடம் வந்தாள்.

“டீச்சர், இன்னொரு தாள்.”

“யாரா இருந்து எழுதப் போற?”

தாளை வாங்கிக்கொண்டாள். பெஞ்சுக்குத் திரும்பி, இடதுகையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று.

பார்க்கக் கூடாது என்றுதான் செண்பகவல்லி நினைத்தார். பார்த்துவிட்டார்.

நான் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது பூரணி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பியிருந்தால் என்னால் போயிருக்க முடியாது.