டைனோசருக்கு ஒன்பது மதிப்பெண்

ஒரு படம் தேறுமா தேறாதா என்பதை இப்போதெல்லாம் விமர்சகரின் மணிக்கட்டுப் பட்டைதான் சொல்கிறது. நாடி எகிறினால் மதிப்பெண். நடுவில் எழுந்து போனால் பூஜ்யம்.

மகளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோன செய்தி வந்த கையோடு, விமர்சகர் புவனேஸ்வரி கைப்பேசியைத் திரையரங்கு வாசலில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. திரையில் ரப்பர் டைனோசர் ஒன்று, முதுகில் ஜிப் தெரிய, ஊரைத் துரத்தியது. அவள் கண் கதவிலேயே இருந்தது.

படம் முடிந்தபோது பட்டை பத்துக்கு ஒன்பது காட்டியது. இளம் இயக்குநர் ஜெரால்டு கண்கலங்க ஓடிவந்தான்.

"அக்கா, எந்த சீன்ல இவ்ளோ பயந்தீங்க?"

திரும்ப வாங்கிய கைப்பேசியில் பதினான்கு தவறிய அழைப்புகள்.

"எல்லா சீன்லயும்தான் தம்பி," என்றபடி மருமகனை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கழற்ற மறந்த பட்டையில் ஒன்பது பத்தானது. ஜெரால்டு கைதட்டினான்.