ஆள் இருக்கு

பாயின் வலப் பாதியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்தார்.

சிங்கப்பூரில் அதை எங்கே வைத்தாலும் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். சாப்பாட்டுக் கடை நாற்காலியில் அதை வைத்துவிட்டு வரிசைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்து நாற்பது வருஷமாகச் சிரித்தவர் அவர். மூக்குச் சிந்துகிற காகிதத்துக்குப் பட்டா எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம்.

இன்றைக்கு அவரே வைத்தார்.

மணி மூன்று. வாணவேடிக்கை எட்டு மணிக்கு.

எட்டு மணிக்கு வெடிக்கப்போகிறதற்கு இப்போதே வந்து வெயிலில் கருவாடாகக் காய்கிறது ஊர். குடாக்கரை முழுக்கச் சிவப்புச் சட்டை. தேசிய தினத்துக்குச் சிவப்பு போடாவிட்டால் நாடு கடலில் முழுகிவிடும் போலிருக்கிறது. கன்னத்தில் கொடி. நாய்க்குக்கூடச் சிவப்புச் சட்டை. அவர் வயசுக்காரர் ஒருவர் தலையில் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு பேரனோடு ஊதல் ஊதுகிறார். நரைத்த தலைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

அவர் போட்டிருந்தது வெளிர்நீலச் சட்டை. டாக்சி ஓட்டிய காலத்துச் சட்டை.

முப்பது வருஷம் இந்தக் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியவர். திரும்ப ஏற்றிக்கொண்டு போனவர். பத்து நிமிஷப் புகையைப் பார்த்துவிட்டு, என்னவோ சொர்க்கத்தையே பார்த்த மாதிரி வழியெல்லாம் பேசுவார்கள்.

"அங்கிள், இங்க யாராச்சும் இருக்காங்களா?"

கைக்குழந்தையோடு ஒருத்தி.

"ஆள் இருக்கு."

அவள் பாக்கெட்டைப் பார்த்தாள். நகர்ந்துபோனாள்.

போன வாரம் துணி மடித்துக்கொண்டே, சுவரிடம் சொல்வதுபோல் மனைவி ராஜாமணி சொன்னாள். "வினோ வருஷா வருஷம் வேடிக்கை பாக்க வர்றாளாம். பாலத்துக்கு இந்தப் பக்கம், மூணாவது விளக்குக் கம்பத்துக்கிட்ட."

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இன்று காலை அவர் பாயைத் தேடியபோது, எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. முட்டிவலியோடு எழுந்துபோய்ப் பையில் இரண்டு தண்ணீர் போத்தல் வைத்தாள். உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கரிபாப் இரண்டு.

வினோதினி அவர்களுக்கு ஒரே பெண். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே நாளில், அணிவகுப்புத் திடலில் முந்நூறு பேரோடு குடை பிடித்து ஆடினாள். நான்கு மாதம் சனிக்கிழமை தவறாமல் ஒத்திகை. அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று டிக்கெட் கொண்டுவந்து நீட்டினாள்.

"முந்நூறு குடையில உன் குடையை எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்று சிரித்தார்.

அன்று மத்தியானம் டாக்சியில் ஏறிய ஒருவன், டிக்கெட் கிடைக்கவில்லை என்று புலம்பினான். சட்டைப் பையிலிருந்து தன் டிக்கெட்டை எடுத்து நீட்டிவிட்டார். பெரிய தர்மப்பிரபு.

எல்லாம் முடிந்து, முகத்துச் சாயத்தைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தாள் பெண். அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் யாரோ ஒருவன் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

அவள் சண்டை போடவில்லை. அடுத்த மாதம் தனி அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். இன்றுவரை அம்மாவிடம் மட்டும்தான் பேச்சு.

ஐந்து மணிக்குக் கூட்டம் நெருக்கியது. ஆறு மணிக்குக் கால் நீட்ட வழியில்லை. வந்தவர்கள் எல்லாருக்கும் கண் அந்த அரைப் பாயின் மேல்தான்.

தமிழில் சொன்னார். மலாயில் சொன்னார். சீனக் கிழவர் ஒருவருக்குக் கையை ஆட்டிச் சொன்னார். கல்லூரிப் பையன்கள் நாலு பேர் பாயின் ஓரத்தை மிதித்துக்கொண்டு நின்றார்கள். முறைத்தார். காலை எடுத்தார்கள்.

ஆள் இருக்கு. ஆள் இருக்கு. ஆள் இருக்கு.

கரிபாப் ஆறிப்போயிருந்தது. அவர் தொடவில்லை.

ஏழரைக்கு ஒலிபெருக்கி அலறியது. கரை நிரம்பிவிட்டதாம். இனி யாரையும் உள்ளே விடமாட்டார்களாம். அதற்கும் கை தட்டியது கூட்டம். மற்றவன் வர முடியாததில் இதுகளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

வந்திருந்தால் வந்திருப்பாள். இல்லையென்றால் இல்லை.

சாய்ந்திருந்த பாக்கெட்டை நிமிர்த்தி வைத்தார்.

முதல் வெடி.

"ஓ" என்றது கூட்டம். எல்லாக் கையும் மேலே போனது. கைக்கு ஒரு போன். கண்ணெதிரே நடப்பதைக் கையளவுக் கண்ணாடியில் பார்க்க ஐந்து மணி நேரம் காய்ந்த மூதேவிகள்.

அவர் வானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

வெடிக்க வெடிக்க முகங்கள் தெரிந்தன. சிவப்பில் கொஞ்சம். பச்சையில் கொஞ்சம். பாதி முகத்தைப் போன் மறைத்தது. மீதியை எவன் தலையோ மறைத்தது. கழுத்து வலிக்கத் தேடினார்.

சே. இத்தனை பேரில் ஒருத்தியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நினைத்த பிறகுதான் உறைத்தது. அன்று சிரித்துக்கொண்டே கேட்டதும் இதைத்தான்.

"இங்க யாராச்சும் இருக்காங்களா?"

பக்கவாட்டிலிருந்து குரல்.

"ஆள் இருக்குன்னு எத்தனை தடவை..." என்று திரும்பினார்.

சிவப்புச் சட்டை. ஒரு கை விளக்குக் கம்பத்தைப் பிடித்திருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ.

அவர் டிஷ்யூ பாக்கெட்டை எடுத்தார்.

அவள் உட்கார்ந்தாள்.

பையிலிருந்து கரிபாப்பை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். பாக்கெட்டைப் பிரித்து ஒரு தாளை உருவி, கண்ணை அழுத்தித் துடைத்தார்.

"சனியன் பிடிச்ச புகை," என்றார்.

புகை கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.