பதினேழு பேர் விழுந்த இடம்

'இந்தச் சனிக்கிழமையாவது மண்டி போடாமல் சொல்லட்டுமே, கடவுளே!' லவீனியா மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

எல்ஸ்வர்த் வாத்தியார் கேட்கிற ஆளா? அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்து வேஷத்துக்காகப் போட்டிருந்த முக்கோணத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். எழுபத்திரண்டு வயது முழங்கால் 'மடக்'கென்று சத்தம் போட, புல்லில் மண்டியிட்டார்.

"இங்கேதான்! நான் மண்டி போட்டிருக்கேனே, இதே இடத்துலதான் நம்ம ஊர்ப்படையில பதினேழு பேர் விழுந்தாங்க. பட்டாளத்துக்காரங்க இல்ல. உழுதவங்க, லாடம் அடிச்சவங்க. செஞ்சட்டை போட்ட பிரிட்டிஷ்காரங்க மூணு பக்கத்துலேர்ந்தும் சுட்டாங்க. நம்மாளு ஒருத்தன்கூட ஓடையைத் தாண்டி ஓடலை!"

ஜூலை வெயிலில் கம்பளிக் கோட்டுக்குள் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். மடக்கு நாற்காலிகளில் இருந்த முப்பது பேரும் மூச்சு விடவில்லை. ஒரு லாரி டிரைவர் தன் தொப்பியையும் கழற்றிவிட்டார்.

பின்னால் டோனட் விற்றுக்கொண்டிருந்த மார்வா, லவீனியாவின் காதருகே குனிந்தாள். "கண்ணைத் துடைச்சுக்கோடி. பன்னிரண்டு வருஷமா அதே பதினேழு பேர்தான் சாகறாங்க. நீயும் ஒரு வாரம்கூட விடாம வந்து அழற. சாகறவங்களுக்காகவா, சாகடிக்கிறவருக்காகவா?"

"வாயை மூடுடி."

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? அவரும் தனிக்கட்டை, நீயும் தனிக்கட்டை."

லவீனியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மார்வா பார்க்காத ஒன்றை அவள் பார்த்திருந்தாள். மனைவி இறந்துபோன அந்தக் குளிர்காலம் முழுவதும் வாத்தியார் வாசல் பனியைக்கூடத் தள்ளாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். ஒரு நாள் இந்தப் புல்வெளிக்கு வந்து, நினைவுக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று, யாரோ வழிப்போக்கரிடம் பதினேழு பேரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் அந்த மனிதருக்குக் குரல் திரும்பி வந்தது.

"கேள்வி இருந்தா கேக்கலாம்!" என்றார் வாத்தியார், லாரி டிரைவரின் தோளைப் பிடித்து எழுந்தபடி.

முன் வரிசையில் ஓர் இளம்பெண் எழுந்தாள். "சார், என் பேர் மேவ். பல்கலைக்கழகத்துல இந்தச் சண்டையைப் பத்தித்தான் ஆராய்ச்சி பண்றேன். நீங்க அற்புதமா பேசறீங்க. ஆனா… சண்டை இங்க நடக்கலைன்னு நினைக்கிறேன்."

வாத்தியார் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இங்க நடக்காம உங்க பல்கலைக்கழக கேன்டீன்லயா நடந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். மேவும் சிரித்தாள். "மெட்டல் டிடெக்டர் வெச்சு இந்தப் புல்வெளி பூரா நீங்களே தேடியிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். ஒரு துப்பாக்கிக் குண்டாவது கிடைச்சுதா சார்?"

"குண்டு இல்ல. ஒரு சிப்பாயோட கரண்டி கிடைச்சுது!"

"அது என் கரண்டி வாத்தியாரே! சர்ச் விருந்துல தொலைச்சேன்," என்றாள் மார்வா பின்னாலிருந்து.

இந்த முறை வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். காது மட்டும் சிவந்துவிட்டது.

"ஒரு செஞ்சட்டை அதிகாரியோட கடிதம் பார்த்தேன் சார். ஓடைக்குத் தெற்கேன்னு தெளிவா எழுதியிருக்கார். அங்க குண்டு கிடைச்சா நினைவுக்கல்லையும் அங்கேதான் மாத்தணும்."

"தாராளமா தேடும்மா! ஒரே ஒரு குண்டு கிடைக்கட்டும், இந்தத் தொப்பியை உன் தலையில வெச்சுட்டு நான் வீட்டைப் பார்க்கப் போயிடறேன். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்!"

கூட்டம் கைதட்டியது. கைதட்டல் அடங்குவதற்குள் அவர் கண் ஒரு முறை ஓடைப் பக்கம் போய் வந்ததை லவீனியா மட்டும் பார்த்தாள்.

ஓடைக்குத் தெற்கே இருந்தது அவளுடைய பூசணி வயல்.

பேச்சு முடிந்ததும் மேவ் நேராக அவளிடம் வந்தாள். "அம்மா, ஒரே ஒரு நாள் போதும். ஒரு இலைகூட உதிராது. அங்க ஒண்ணுமே இல்லைன்னா, வாத்தியார் சொன்னதுதான் சரின்னு நானே பேப்பர்ல எழுதறேன்."

"விடேன்டி," என்று மார்வா இடித்தாள். "தேடிப் பார்த்துட்டுப் போகட்டும். வாத்தியார் வாய்க்கும் ஒரு சர்டிபிகேட் கிடைச்ச மாதிரி இருக்கும்."

"பயப்படாம விடுங்க லவீனியா!" தூரத்திலிருந்து வாத்தியாரும் தொப்பியை ஆட்டினார். "அங்க என்ன இருக்கப் போவுது!"

அந்தப் பெண்ணின் முகத்தில் கள்ளமே இல்லை. உண்மை தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அதுதான் லவீனியாவுக்குச் சங்கடமாக இருந்தது. பூசணி வாங்க வருகிறவர்களிடம், அழுகின பக்கத்தைத் தானே திருப்பிக் காட்டி விற்கிறவள் அவள்.

கணவன் ஆர்லோ ஒவ்வொரு ஏப்ரலிலும் வயலை உழுததும் கலப்பை புரட்டிப் போட்ட பழைய துப்பாக்கி ஈயக் குண்டுகளைக் கைநிறையப் பொறுக்கி வந்து, துளை போட்டு, தூண்டில் கயிற்றில் எடைக்குக் கட்டி, சாகிற வரைக்கும் முப்பது வருஷம் மீன் பிடித்ததை அவள் நினைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா," என்றாள் மெதுவாக. "கொடி பூத்திருக்கு. இப்போ கால் படக் கூடாது."