உப்புக் கேட்ட எருமை

குளக்கரை மெஸ்ஸை நாளை முதல் தாரா வாத்து தனியாகக் கவனிக்க வேண்டும். தொழில் பழக்கிய நரி மேனேஜர், "சாப்பிடறவங்க சொல்றதை ஒரு எழுத்து விடாம நோட்டுல குறிச்சுக்கம்மா" என்று சொல்லியிருந்தார்.

"சாம்பார்ல உப்பே இல்லையேம்மா" என்றது எருமை.

தாரா பவ்யமாகக் குறித்துக்கொண்டது. "வேற ஏதாவது குறை உண்டுங்களாண்ணே?"

"இருக்கு. உப்பு இன்னும் வரல."

அதையும் எழுதியது. "கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்று மெச்சினார் நரி.

எருமை பெருமூச்சு விட்டு எழுந்துபோய், அடுக்களையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்து வந்தது. தன் இலையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, பக்கத்து இலையில் விழித்துக்கொண்டிருந்த கொக்கிடம், "உனக்கும் வேணுமாப்பா?" என்றது.

தாரா நோட்டை மூடிவிட்டு எருமையிடம் ஓடியது.

"அண்ணே, நாளைக்குக் கடை திறக்கறப்பவே வந்துடறீங்களா?"