முப்பது சீட்டு

"அந்த ஆள் ஏமாத்துறார், ஜோலின். என் கண்ணால பார்த்தேன்."

பெத்தனி மூச்சு வாங்க வந்து நின்றாள். பள்ளிக்கூடத்து வசந்த விழா அப்போதுதான் முடிந்திருந்தது. காலை ஆறு மணியிலிருந்து நின்றுகொண்டே இருந்த ஜோலினுக்கு நாற்காலி கிடைத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெற்றோர் சங்கத் தலைவி பதவிக்கு அவள் ஒன்றும் ஆசைப்படவில்லை. 'யார் ஏத்துக்கிறீங்க?' என்று கேட்டபோது எல்லோரும் குனிந்து போனைப் பார்க்க, இவள் மட்டும் நிமிர்ந்திருந்தாள். அதுதான் செய்த தப்பு.

"யாரு?"

"வெர்ன்தான். கேக் நடையில."

பள்ளியைக் கூட்டித் துடைத்துப் பூட்டுகிறவர் வெர்ன். வருடா வருடம் கேக் நடையை நடத்துகிறவரும் அவர்தான். ஜிம் தரையில் ஒன்றிலிருந்து முப்பது வரை எண்களை வட்டமாக ஒட்டியிருப்பார். பாட்டு ஓடும்வரை பிள்ளைகள் அதன்மேல் சுற்றி நடக்க வேண்டும். பாட்டை நிறுத்தி, காபி டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுப்பார். அந்த எண்ணில் நிற்கும் பிள்ளைக்கு, யாரோ ஒரு தாய் சுட்டு அனுப்பிய கேக்.

"சீட்டைப் பிரிக்கவே இல்ல. பிரிக்காமலே 'பதினேழு'ன்னு கத்துறார். பதினேழுல யாரு? அந்த ரிக்ஸ் வீட்டுப் பையன். அவங்க வீட்டுலேர்ந்து என்னிக்காவது ஒரு கேக் வந்திருக்கா? நான் மூணு சுட்டேன். என் பொண்ணு எட்டு சுத்து நடந்தா. கால் வலிச்சதுதான் மிச்சம்."

மூன்று கேக் சுடுகிற வீட்டுக்கு நாலாவது எதற்கு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கத் தெம்பில்லை.

"பிரின்சிபால்கிட்ட சொல்லிட்டேன். நீதான் விசாரிக்கணுமாம். உண்மைன்னா, திங்கக்கிழமை அவர் சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதானாம்."

ஓய்வு பெற ஒரு வருடம்தான் பாக்கி இருந்தது அந்த மனிதருக்கு. வலிக்கிற காலை மறுபடியும் ஷூவுக்குள் திணித்துக்கொண்டு ஜோலின் எழுந்தாள்.

ஜிம்மில் வெர்ன் மண்டி போட்டு, தரையில் ஒட்டிய எண்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். காபி டப்பா மேஜைமேல் இருந்தது. ஜோலின் ஒரு சீட்டைப் பிரித்தாள். வெறும் தாள். இன்னொன்று. அதுவும் வெறும் தாள். டப்பாவையே கவிழ்த்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டாள். முப்பதிலும் ஒரு எழுத்து இல்லை.

"மிஸ்டர் வெர்ன், இதுல ஒண்ணுமே எழுதலையே?"

"எழுதுறதில்லம்மா."

"எத்தனை வருஷமா?"

"ஆச்சு, ஒரு பத்துப் பன்னண்டு."

அவருக்குக் கொஞ்சம்கூடப் பதற்றமில்லை. ஜோலினுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அலுத்துப்போன உடம்பில் கோபம் வந்தால் கூடவே அழுகையும் வந்துவிடுகிறது.

"யாருக்குக் கிடைக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுவீங்களா? பாவம், அதுங்க அதிர்ஷ்டம்னு நம்பித்தானே சுத்துதுங்க? என் வெஸ்லி ஒண்ணாவது படிக்கும்போது ஜெயிச்சான், தெரியுமா? அவங்கப்பா எங்களை விட்டுட்டுப் போன மாசம் அது. அன்னிக்கு அவனுக்குப் பிறந்தநாள் வேற. எனக்கு டபுள் ஷிப்ட். விழாவுக்கு வரவும் முடியல, ஒரு கேக் சுட்டு வைக்கவும் முடியல. சாயங்காலம் வீட்டுக்குப் போறேன், கேக்கை மடியில வச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருக்கான். நமக்கும் ஒரு நல்லது நடக்கும்னு அன்னிக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டுதான் எழுந்து நின்னேன். அது நேர்மையாக் கிடைச்சது மிஸ்டர் வெர்ன். இந்த மாதிரி பித்தலாட்டத்துல இல்ல!"

வெர்ன் பதினொன்றாம் எண்ணின் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"மேல தேங்காய்த் துருவல் போட்டிருக்கும்," என்றார், தரையைப் பார்த்தபடியே.

ஜோலின் அப்படியே நின்றாள். அது என்ன கேக் என்று அவள் சொல்லவே இல்லை.

"என்ன, பார்த்தியா?" வாசலில் பெத்தனி.

ஜோலின் சீட்டுகளை அள்ளி டப்பாவில் போட்டாள். மூடியை அழுத்தி மூடினாள்.

"பார்த்தேன். முப்பது சீட்டு. முப்பதும் சரியா இருக்கு."

"நல்லாப் பார்த்தியா?"

"ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்த்தேன் பெத்தனி. பிரின்சிபால்கிட்ட நானே சொல்லிடறேன்."

பெத்தனி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். அவளுடைய கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. பிறகு ஜோலினும் வெர்னுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, பன்னிரண்டாம் எண்ணைப் பிய்க்க ஆரம்பித்தாள். கண்ணீர் மறைத்ததில் எண் சரியாகத் தெரியவில்லை.

"பிறந்தநாள், பிறந்தநாள்னு அன்னிக்குக் காலையிலேர்ந்து என் பின்னாடியே சுத்தினான் உங்க பையன்," என்றார் வெர்ன். "கேக்கைக் கையில வாங்கினதும், 'மெழுகுவத்தி இருக்கா'ன்னு கேட்டான். என்கிட்ட இல்ல."

சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். பிறந்தநாள் மெழுகுவத்திப் பெட்டி ஒன்று பாதி வெளியே தெரிந்தது.

"அதுக்கப்புறம் ஒரு வருஷமும் இது இல்லாம விழாவுக்கு வந்ததில்லம்மா."